ஈடு

ஆஸ்திரேலியாவின் தேசிய இழப்பீட்டுத் திட்டம் 2018இல் தொடங்கியது. விடுதிகளிலும் பள்ளிகளிலும் திருச்சபை இல்லங்களிலும் சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கானது. அதன் தொகை அட்டவணையை நான் ஒரு பனுவலாகவே வாசிக்கிறேன்.

உடலுக்குள் ஊடுருவிய வன்முறைக்கு 70,000 டாலர். தொடுதலோடு நின்றதற்கு 30,000. தொடாமல் நடந்ததற்கு 5,000. பாதிப்புக்கென்று தனிக் கட்டம் உண்டு. ஆனால் அதையும் வன்முறையின் வகையே தீர்மானித்துவிடுகிறது: 20,000, 10,000, 5,000. 'தொடுதல்' வகைக்குள் வந்த சிறுமி 40 ஆண்டுகள் தூக்கமின்றிக் கிடந்திருந்தாலும் 10,000தான். உச்சவரம்பு 1,50,000. அதை எட்டவைக்கும் 50,000 ஊடுருவலுக்கு மட்டுமே.

அரச ஆணையம் 2015இல் பரிந்துரைத்தது வேறு. நூறு புள்ளிகளில் வன்முறையின் கடுமைக்கு 40, பாதிப்புக்கும் 40, உச்சவரம்பு 2,00,000. பிறகு அவள் வாழ நேர்ந்த வாழ்க்கைக்கும் அதில் சம எடை இருந்தது. அரசு அதை ஏற்கவில்லை.

கற்பு என்ற சொல் இந்த அட்டவணையில் இல்லை, அதன் கணக்கு இருக்கிறது. பெண்ணுடலுக்கென்று நாம் அறிந்த அந்தக் கணக்கைச் சிறுவர்களாக இருந்து பாதிக்கப்பட்ட ஆண்களுக்கும் போட்டிருக்கிறார்கள். அடியும் உதையும் மட்டுமே பட்டவருக்கோ திட்டத்தில் இடமே இல்லை.

ஈடு என்றால் தமிழில் நிகர்; அடமானமும்தான். தொகையை ஏற்பவர், பொறுப்பான நிறுவனத்தின்மீது அந்த வன்முறைக்காக உரிமையியல் வழக்குத் தொடரும் உரிமையை எழுதிக்கொடுத்துவிட வேண்டும். 5,000 டாலர் பெறுபவரும்தான்.