தணிக்கை என்னும் சொல்

அரசு ஒரு செய்தியையோ நாடகத்தையோ வெட்டும்போது நாம் அதனைத் ‘தணிக்கை’ என்று எழுதுகிறோம். சினந்தணித்தல், தாகந்தணித்தல் ஆகியவற்றின் உறவினது போல, ஏதோ நன்மை செய்வதாகவே இச்சொல் காதில் விழுகிறது. உண்மை வேறு. அரபியின் ‘தன்கீஹ்’ உருது வழியே தென்னாட்டு அரசாங்க அலுவலகங்களிற் புகுந்து தெலுங்கில் ‘தனிகீ’ எனவும், கன்னடத்தில் ‘தனிகெ’ எனவும், தமிழில் ‘தணிக்கை’ எனவும் வழங்கலாயிற்று. தமிழகத்தில் இன்றும் கணக்குத் தணிக்கை உண்டு. இலங்கையில் அதற்குக் ‘கணக்காய்வு’ என்ற சொல் நிலைத்துவிட்டமையால், தணிக்கை பெரும்பாலும் வெட்டுக்கே உரியதாயிற்று.

அரபு மூலத்திற்கு மரத்தைக் கழித்துச் செதுக்குதல் என்பது பொருள். கவிஞன் தன் பாட்டைத் தானே திருத்துவதையும் அச்சொல் குறிக்கும். மஹய்யாவ வாசகருக்கு இதனை விளக்க அகராதி வேண்டியதில்லை. கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களின் ‘கவ்வாத்து’ போதும். கவ்வாத்து வெட்டுபவனின் பெயர் செக்ரோலில் உண்டு. வெட்டிய செடியும் மீண்டும் தளிர்க்கும். எழுத்தை வெட்டும் கைக்கோ பெயரில்லை.

ஆங்கிலத்தில் இவ்வேலைக்கு ஓர் ஆளின் பெயரே வினைச்சொல்லாகிவிட்டது: ‘பௌட்லரைஸ்’. குடும்பத்தார் கூடியிருந்து படிப்பதற்கென ஷேக்ஸ்பியரைக் கத்தரித்த தோமஸ் பௌட்லரின் பெயர் அது. ஆயினும் 1807இல் பாத் நகரில் இருபது நாடகங்களுடன் பெயரின்றி வெளிவந்த முதற்பதிப்பைச் செய்தவர் அவருடைய தமக்கை ஹென்றியெற்றா. ஆபாசம் இன்னதெனத் தமக்கு விளங்கியதென்று மணமாகாத பெண்ணொருத்தி ஒப்புக்கொள்ள இயலாத சமுதாயம் அது. வெட்டியவரே வெட்டுண்டு போனார்!

நம் நாட்டு வெட்டு குடும்ப ஒழுக்கத்தின் பெயரால் மட்டும் நிகழ்வதன்று. 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆனையிறவு வீழ்ந்ததும் மே மாதத்தில் அவசரகால விதிகளின் கீழ்த் தணிக்கை இறுக்கப்பட்டது. யாழ்ப்பாணத்து ‘உதயன்’ மே 19ஆம் திகதியும், கொழும்பின் ‘சண்டே லீடர்’ மூன்று நாட்களின் பின்னரும் மூடப்பட்டன. விதிகளின் மொழியில் வெட்டுபவர் ‘தகுதிவாய்ந்த அதிகாரி’. எத்தகுதி என்று விதிகள் சொல்லவில்லை போலும்! ‘லீடர்’ தொடுத்த வழக்கில் ஜூன் 30ஆம் திகதி உயர் நீதிமன்றம், அவ்வதிகாரியின் நியமனமே முறைப்படி அமையவில்லை எனக் கண்டு, தடையைச் செல்லாததாக்கியது.

இத்தகைய செயலுக்குக் கணக்கரின் சொல் எதற்கு? ‘வெட்டு’ என்றே நம் பத்திரிகைகள் எழுதலாம். எழுதினால், யார் வெட்டினார் என்ற கேள்வியும் கூடவே எழும்.