கரந்துறையும் வீரர்: தொலைக்காட்சித் தொடர்களும் இரும்புக்கை மாயாவியும்

கண்ணுக்குப் புலனாகாத ஒருவன் வீரன் ஆதல் கூடுமோ? இவ்வினா விளையாட்டாகத் தோன்றலாம். ஆயினும் 1958 முதல் 1976 வரை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எழுந்த தொலைக்காட்சித் தொடர்கள் சிலவற்றையும், அவற்றோடு ஓரினமாகிய தமிழ்ப் படக்கதை ஒன்றையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு இவ்வினா எழாமல் இராது. இத்தொடர்களை நயப்போர் மறைதலின் வியப்பையே பெரிதும் பாராட்டுவர். மறைந்தவனை வீரன் ஆக்குவது, மறைந்த பின்னும் அவனிடத்து எஞ்சி நிற்கும் ஓர் அடையாளமே என்பது எமது துணிபு.

முதற்கண் நம் மரபினை நோக்குவாம். போச்சம்பள்ளி வட்டம் அடங்கிய கிருஷ்ணகிரி மாவட்டமும் அதனையடுத்த தருமபுரி மாவட்டமும் நடுகற்கள் மிகுந்த நிலப்பகுதிகள். ஆநிரை மீட்டுப் பட்டவனைக் கல்லில் நிறுத்தியோர், அவன் ஏந்திய வில்லையும் வாளையும் செதுக்கியதோடு அமையாது, உடலில் தைத்த அம்புகளையும் செதுக்கினர். எழுத்துடைய கற்களில் அரசனது ஆட்சியாண்டும் பட்டவன் பெயரும் அவன் செய்ததும் இடம்பெற்றன. தொல்காப்பியர் நடுகல் முறைமையைக் கூறுங்கால் காட்சியை முதலாவதாக வைத்தார். அது கல்லைக் காண்டலைக் குறித்தது. அதனை வீரனைக் காண்டலின்மேல் ஏற்றியுரைத்தல் பொருந்தாது. எனினும், கண்டார் ஒருவரும் இலராயின் கல்லும் இல்லை என்பது வெளிப்படை.

இனி, மறைந்து போர்செய்தவன் நம் காப்பியத்துள் யாவன் எனின், இந்திரசித்து. கம்பர் யுத்தகாண்டத்துள் அவன் வானத்துக் கரந்து நின்று நாகபாசம் விடுக்கின்றான். பின்னர்ப் பிரமாத்திரத்தையும் அவ்வாறே விடுக்கின்றான். கீழே நிற்போர் அம்பைக் காண்கின்றனர், எய்தானைக் காண்கிலர். ஆயின் இப்பாத்திரத்தைப் பழிப்பதோடு கம்பர் அமைந்தாரல்லர். நிகும்பலை வேள்வி சிதைந்து கரவு பயன்படாது போன பின்னரே, தந்தைமுன் நின்று சீதைபால் வைத்த ஆசையை ஒழிக என உரைக்கும் துணிவு அவனுக்கு வாய்க்கின்றது. மறைப்பு நீங்கிய இடத்தில் பெருமை தோன்றுமாறு அப்பெரும்புலவர் அமைத்தது தற்செயல் ஆகாது.

இப்பகுதியின் ஊர்களில் ஆடப்பெறும் பாரதக் கூத்தினையும் ஈண்டு நினைத்தல் தகும். விராடன் நகரில் பணிமகளாக இருக்கும் திரௌபதி, தன்னைக் கந்தருவர் ஐவர் பிறர் அறியாமல் காத்து வருவதாகக் கூறுகின்றாள். கீசகன் மாண்ட பொழுது, கொன்றவர் அக்கந்தருவரே என்று நகரத்தார் நம்புகின்றனர். கூத்துக் காண்போரோ கொன்றவன் வீமன் என்பதை அறிவர். அவனைக் களத்தில் கண்டுகொண்டு இருக்கின்றனர். கதையுள் மறைவும் களத்துள் காட்சியும் ஒருங்கே நிகழ்வதால்தான் அவ்விடம் சுவைக்கின்றது.

மேனாட்டிலும் மறைந்தவன் முதலில் வீரனாக வரவில்லை. எச். ஜி. வெல்ஸ் 1897-இல் வெளியிட்ட புதினத்தின் தலைவனாகிய கிரிஃபின், தன் ஆற்றலால் மக்களை அச்சுறுத்தி ஆள எண்ணுகின்றான். முடிவில் மக்களாலேயே அடித்துக் கொல்லப்படுகின்றான். இறந்த பின்னரே அவன் உடல் பிறர் கண்ணுக்குத் தெரிகின்றது. இக்கருவினை ரால்ஃப் ஸ்மார்ட் 1958-இல் ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடராக்கியபோது தலைகீழ் மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. பீட்டர் பிரேடி என்னும் அறிவியலார் ஆய்வுக்கூட விபத்தால் உருவிழக்கின்றார். அரசு முதலில் அவரைச் சிறைவைக்கின்றது. பின்னர் அவர் உதவியை நாடுகின்றது. தமக்கையும் அவள் மகளும் வாழும் இல்லத்தில், முகத்தைச் சுற்றிய துணிக்கட்டும் கருங்கண்ணாடியும் அணிந்து அவர் உறைகின்றார். கிரிஃபினுக்கு வேடமாக இருந்த அத்துணிக்கட்டு, பிரேடிக்கு முகமாகவே ஆகிவிடுகின்றது.

1975-இல் அமெரிக்காவில் வந்த தொடரின் தலைவனாகிய டேனியல் வெஸ்டின், தன் கருவி படைக்கலமாகிவிடும் என அஞ்சி அதனை அழிக்கின்றான். தன் பழைய முகம்போற் செய்த முகமூடியால் உலகில் உலவுகின்றான். 1976-இல் வந்த 'ஜெமினி மேன்' தொடரில் தலைவன் ஒரு நாளில் 15 நிமிடங்களுக்கு மேல் மறைந்திருப்பின் என்றென்றைக்கும் மறைந்தே போவான். கைக்கடிகாரம் ஒன்று அவனை மீட்கின்றது. இது கதைக்கு விறுவிறுப்பு ஊட்டும் உத்தி என்பர். உத்தியே, ஆயினும், காணப்படாது போதலே அவனுக்குக் கேடு என்று இவ்வுத்தி கூறுவதை மறத்தல் ஆகாது.

இக்கருத்துக்குத் தலைசிறந்த சான்று தமிழ்நாட்டார் நன்கறிந்ததொன்று. 1962-இல் இங்கிலாந்தில் 'வேலியண்ட்' இதழில் தொடங்கிய படக்கதை, சிவகாசியிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் வெளியீடாக, 'இரும்புக்கை மாயாவி' என்னும் பெயரொடு வந்தது. ஆய்வுக்கூட உதவியாளனாகிய லூயிஸ் கிராண்டேல் ஒரு கையை இழந்து உலோகக் கை பொருத்தப்பெற்றவன். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும். அவ்வுலோகக் கை மட்டும் மறையாது. தொடக்கக் கதையில் அவன் குற்றங்களையே செய்கின்றான். பின்னரே நல்வழிப்பட்டு ஒற்றர் படையில் சேர்கின்றான். வெல்ஸுக்கும் தொலைக்காட்சிக்கும் இடையே நிகழ்ந்த மாற்றம் இங்கு ஒருவன் வாழ்வுக்குள்ளேயே நிகழ்ந்துவிடுகின்றது.

ஆங்கிலப் பெயர் உலோகக் கையை மட்டும் சுட்டியது. தமிழில் பெயரிட்டவர் ஒரு சொல்லைக் கூட்டினார். அங்கேதான் நுட்பம் உள்ளது. மாயாவி என்பது இராமகாதையில் வாலியோடு பொருத அசுரன் ஒருவனது பெயர். வஞ்சப் போர் செய்வாரைக் குறித்து வழங்கிய அச்சொல், இரும்புக்கை என்னும் அடையை முன்னே பெற்றவுடன் சிறுவர் போற்றும் வீரனுக்கு உரியதாயிற்று. எஞ்சி நிற்பதை முன்னும் மறைவதைப் பின்னும் நிறுத்திய இத்தொடர், இப்படக்கதைக்கு எழுதத்தக்க உரையைத் தானே தாங்கி நிற்கின்றது. இலக்கிய வரலாறு எழுதுவோர் இத்தகைய வெளியீடுகளைப் பொருட்படுத்தாமை குறையே என்போம்.

திரைப்படத்தில் இந்நெறி தொடர்ந்தது. 1987-இல் வந்த இந்திப் படமாகிய 'மிஸ்டர் இந்தியா'வில் சிவப்பொளி பட்டால் மறைந்தவன் தெரிவான். 1989-இல் அதன் தழுவல்களாகத் தமிழில் பாக்கியராஜ் நடித்த 'என் ரத்தத்தின் ரத்தமே'யும், கன்னடத்தில் அம்பரீஷ் நடித்த 'ஜெய் கர்நாடக'வும் வெளிவந்தன. இருமொழியும் வழங்கும் இவ்வெல்லைப் பகுதியில் அவ்விரண்டையும் ஒப்பிட்டு ஆராய்வார் வேண்டும்.

எம் துணிபுக்கு ஒரு தடை உண்டு. 1958-ஆம் ஆண்டுத் தொடரில் துணிக்கட்டுக்குள் நின்று நடித்தவர் பெயர், நடிகர் பட்டியலில் வேண்டுமென்றே விடப்பட்டது. பிரேடியின் பேச்சாக ஒலித்ததும் டிம் டர்னர் என்னும் வேறொருவர் குரலே. பிரேடிக்குத் துணிக்கட்டு இருந்தது, மாயாவிக்கு இரும்புக்கை இருந்தது. அந்நடிகருக்கோ ஒளிபரப்பு நடந்த நாளில் காண்போர் அறிய முகமும் இல்லை, குரலும் இல்லை, பெயரும் இல்லை.