பிக்கப்பை உயர்த்துமுன்

பிக்கப் வாங்கியவர்கள் ஆசையோடு கைவைக்கும் இடங்கள் மூன்று: வீல், டயர், சஸ்பென்ஷன் உயரம். கடைகளிலும் இவை பெரும்பாலும் ஒரே தொகுப்பாகத்தான் விலை பேசப்படுகின்றன. ஆனால் மூன்றும் வண்டிக்குச் செய்யும் வேலை வெவ்வேறு. தனித்தனியே எடைபோட்டால்தான் எது பணத்துக்குத் தகும் என்று தெரியும்.

டொயோட்டா ஹைலக்ஸை எடுத்துக்கொள்வோம். முன்சக்கரங்கள் தனித்தனியே அசையும் காயில் ஸ்பிரிங் அமைப்பு, பின்னால் பட்டை ஸ்பிரிங்கில் கட்டிய ஒரே ஆக்சில். இன்றைய பிக்கப்புகளில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கின்றன. கேட்க வேண்டிய கேள்விகளும் மூன்றே. கரடுமுரடான தடத்தில் வண்டி கூடுதலாகப் போகிறதா? தார்ச்சாலையில் பத்திரமாகத் திரும்பி நிற்கிறதா? சுமக்கும் திறன் குறையாமல் இருக்கிறதா?

முதலில் உயரம். தவறான நம்பிக்கை அதிகம் இதில்தான். 50 மில்லிமீட்டர் லிஃப்ட் கிட் மாட்டினால் சேஸியும் பாடியும் உயரும். மேட்டில் ஏறும்போது பம்பர் இடிப்பதும், முகட்டைக் கடக்கும்போது நடுவயிறு உரசுவதும் குறையும். இது உண்மையான லாபம். ஆனால் வண்டியின் மிகத் தாழ்ந்த இடங்களில் ஒன்றான பின் ஆக்சிலின் டிஃபரன்ஷியல் உருண்டை ஒரு மில்லிமீட்டர்கூட மேலே போகாது. அது சக்கரத்தின் மையத்தோடு பிணைந்தது. நேற்று அதை இடித்த கல் நாளையும் இடிக்கும். இந்த மூன்றில் அதை உயர்த்தக்கூடியது பெரிய டயர் மட்டுமே. 265/65 ஆர்17 டயரின் விட்டம் ஏறத்தாழ 776 மில்லிமீட்டர். 285/70 ஆர்17 டயருக்கு 831. வித்தியாசத்தில் பாதி, அதாவது 27 மில்லிமீட்டர், ஆக்சிலுக்குக் கிடைக்கும்.

லிஃப்டுக்குக் கொடுக்கும் விலையும் பெரிது. வண்டி கவிழும் அபாயத்தை அளக்க, அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தின் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுக்கிறது. அகலம் 1,540, மைய உயரம் 700 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் விடை 1.10. மையம் 45 மில்லிமீட்டர் ஏறினால் அது 1.03 ஆகிவிடும்; எண் குறையக் குறையக் கவிழும் அபாயம் கூடும். நெடுஞ்சாலையில் திடீரெனக் குறுக்கே வருவதைத் தவிர்க்க ஸ்டீயரிங்கை ஒடிக்கும் அந்த நொடியில் இந்தச் சரிவு உயிரோடு விளையாடும். முன்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட்டின் ஜாயின்ட்டுகளும் அதிகமாகச் சாய்ந்து சீக்கிரம் தேய்கின்றன. காயிலுக்கு மேல் ஸ்பேசர் திணிக்கும் மலிவு வழி இன்னும் மோசம். சக்கரம் பள்ளத்தில் இறங்க வேண்டிய தூரத்தையே அது தின்றுவிடுகிறது.

அடுத்தது வீல். 20 அங்குல ரிம் கண்ணைப் பறிக்கும். ஆனால் அதே 776 மில்லிமீட்டர் விட்டத்தில் டயரின் பக்கச்சுவர் 172-லிருந்து 134 மில்லிமீட்டராகச் சுருங்கும். மணலில் காற்றைக் குறைத்ததும் டயர் தளர்ந்து நீளமாகப் படிவதே பிடிமானம் தருகிறது. அப்படித் தளர்வதற்கான இடத்தை அலங்காரம் பறிக்கிறது. வெளியே துருத்தி நிற்கும் ரிம்மோ பேரிங்குக்குச் சுமையைக் கூட்டுகிறது. மூன்று கேள்விகளில் எதற்கும் பெரிய ரிம் பதில் சொல்லவில்லை.

மிஞ்சுவது டயர். ஆழமான வெட்டுகளும் தடித்த பக்கச்சுவரும் கொண்ட ஆல்-டெரெய்ன் டயர், சேற்றிலும் கூர்ங்கல்லிலும் மறுநொடியே பலன் தரும். ஈரத் தார்ச்சாலையில் பிடிமானம் சற்றுக் குறையலாம், எரிபொருள் செலவு சற்றுக் கூடலாம். அது ஏற்கத்தக்க விலை. அளவைக் கூட்டுவதுதான் ஆபத்தானது. 7 சதவீதம் பெரிய டயரில், சரியாகக் காட்டிவந்த வேகமானி 100 காட்டும்போது வண்டி 107-ல் ஓடும். ஏற்றத்தில் இழுவை குறையும். பிரேக்குக்கு வேலை கூடும். டயரில் எழுதியுள்ள சுமை எண்ணையும் பார்க்க வேண்டும். 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். வண்டிக்குத் தயாரிப்பாளர் குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே இறங்கினால் சுமைவண்டி சுமைவண்டியாக இருக்காது.

உயரத்துக்கு ஆதரவாக ஐஸ்லாந்தைக் காட்டுவார்கள். அங்கே ஆர்க்டிக் டிரக்ஸ் நிறுவனம் ஹைலக்ஸுக்கு 38 அங்குல டயர் மாட்டிப் பனிமேல் ஓட்டுகிறது. அந்த உதாரணம் எதிர்த்தரப்புக்கே சாட்சி. பனியில் புதையாமல் மிதக்கப் பெரிய டயர் வேண்டும்; அது நுழைய மட்கார்டை வெட்டுகிறார்கள், கியர் விகிதத்தை மாற்றுகிறார்கள், தேவையான அளவே உயர்த்துகிறார்கள். நோக்கமில்லாத உயரத்துக்கு அமெரிக்காவின் 'கரோலினா ஸ்குவாட்' சான்று: முன்பக்கம் தூக்கி, பின்பக்கம் தாழ்ந்த பிக்கப். ஓட்டுநருக்கு எதிரே உள்ள சாலை மறையும். விளக்கொளி எதிரில் வருபவர் கண்ணில் பாயும். முன் மட்கார்டு பின்னதைவிட 4 அங்குலமோ அதற்கு மேலோ உயர்ந்திருப்பதை வட கரோலினா 2021 டிசம்பர் முதல் தடைசெய்தது சரியான முடிவு.

இந்தியாவில் சட்டம் இன்னும் கறார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறான மாற்றங்களைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

ஆகவே என் தீர்ப்பு இது. நல்ல ஆல்-டெரெய்ன் டயருக்குத் தயங்காமல் செலவிடுங்கள். தயாரிப்பாளர் ஒப்பிய அளவைத் தாண்டாதீர்கள், சுமை எண்ணில் கீழே இறங்காதீர்கள். வண்டியோடு வந்த ரிம்மே போதும். சட்டம் இடம்கொடுக்கும் நாடுகளில்கூட, தடம் கட்டாயப்படுத்தினால் மட்டுமே உயர்த்தலாம். அதுவும் 50 மில்லிமீட்டருக்குள், சுமைக்குப் பொருந்தும் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்த்து மாற்றி, வீல் அலைன்மென்ட்டும் முகப்பு விளக்கும் சரிசெய்து. தோற்றத்துக்காக மட்டும் உயர்த்துவதை ஏற்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. அதற்கான விலையைச் சாலையில் செல்லும் மற்றவர்களும் சேர்ந்தே தருகிறார்கள்.