குடக்கூத்தும் அதன் காரணமும்

ஆழ்வார்கள் கண்ணனைக் குடக்கூத்தாடியவனாகப் பாடிய இடங்களுக்கு, வித்தைக்காரன் பந்தெறிந்து பிடிப்பது போன்றதொரு கைத்திறன் என்று பொருள் கூறி அமைவார் உளர். வடிவத்தளவில் அது பிழையன்று. தலையில் அடுக்குக்குடமும் தோள்களில் குடங்களும் நிற்க, கைக்குடங்களை ஆகாயத்தில் எறிந்து ஏந்தியாடுவதே அக்கூத்தென்று வியாக்கியாதாக்களும் காட்டினர். காரணம் வேறு.

சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவி ஆடிய 11 ஆடல்களுள் குடமும் ஒன்று. அங்கு அது வாணனது நகர வீதியில், சிறைப்பட்ட அநிருத்தனை மீட்கச் சென்ற மாயோன் ஆடியது, பகைப்புலத்து ஆடல். ஆசார்யர்களோ அதனை ஆய்ப்பாடியிலேயே வைத்தனர். அந்தணர் செல்வம் மிக்கால் வேள்வி செய்வர். ஆயர் செல்வம் மிக்கால் அச்செருக்குக்குப் போக்குவீடாகக் குடமாடுவர் என்பது அவர்கள் காட்டும் குலவழக்கு.

இவ்வொப்புமையை உவமைநயம் என்று கடந்துபோவது பெருங்குறை. கழைக்கூத்தன் ஆடுவது வறுமையால். அவன் கண் காண்போர் கையில் இருக்கும். கண்ணன் ஆடுவது நிறைவால். அவன் பெறவேண்டுவது யாதுமில்லை. மேலும், வேள்விச்சாலையில் நிற்க அதிகாரம் வேண்டும். நாற்சந்தி மன்றில் நின்று காண அது வேண்டா. சிறியார் பெரியார், ஆண் பெண் என்னாது அனைவரும் காணலாம். சௌலப்யம் என்னும் குணத்துக்கு உரையாசிரியர்கள் இக்கூத்தை எடுத்தது இதனாலேயே. கைத்திறனே பொருளாயின், திருநாங்கூர் அரிமேய விண்ணகரத்து எம்பெருமானுக்குக் குடமாடுகூத்தன் என்பது திருநாமமாக வாய்த்திராது.