'வரை' என்றால் எதுவரை? எழில் நிரல்மொழியும் நம் இலக்கண வகுப்பும்



நிரலாக்கம் என்று பேச்செடுத்தாலே, "அது கணினி ஆசிரியர் வேலை, நமக்கு எதுக்கு?" என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். படிவம் 1 முதல் மாணவர்கள் பலர் கணினி அறிவியலின் அடிப்படையைப் படிக்கிறார்கள். நிபந்தனை, சுழற்சி, மாறி எல்லாம் அவர்களுக்குப் பழகிய சொற்கள். ஆனால் அந்தப் பாடத்துக்கும் தமிழ்ப் பாடத்துக்கும் நடுவில் ஒரு பெரிய சுவர் நிற்கிறது. அந்தச் சுவரில் சின்னதாக ஒரு வாசல் வைத்துப் பார்த்த முயற்சிதான் 'எழில்' நிரல்மொழி. அதை ஒரு தமிழாசிரியரின் கண்கொண்டு மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எழிலை உருவாக்கியவர் முத்தையா அண்ணாமலை. 2009-இல் இம்மொழியை விளக்கி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பைத்தான் மொழியின்மேல் கட்டப்பட்டது. மூலநிரல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. தமிழ் பேசும் பள்ளி மாணவர்கள் நிரலாக்கத்தின் அடிப்படையைத் தாய்மொழியிலேயே கற்க வேண்டும் என்பதுதான் இலக்கு. எழிலைக் கற்றுக்கொண்டு வேலைக்குப் போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆகவே "இதனால் என்ன சம்பளம் கிடைக்கும்?" என்று கேட்பது பொருந்தாத கேள்வி. "இதனால் மாணவனுக்குத் தெளிவு கிடைக்குமா?" என்பதே சரியான கேள்வி.

முதலில் ஓர் அளவுகோல்

விமர்சனம் என்றால் அளவுகோல் வேண்டும். மென்பொருள் உலகத்திலிருந்தே ஒன்றை எடுத்துக்கொள்வோம்: வடிவமைப்புத் தோரணி. கணிதப் பாடத்தில் 'எண் தோரணி' என்று படிக்கிறோமே, அதே சொல்தான்.

இந்தச் சிந்தனை கணினியில் பிறந்ததல்ல. கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டரும் அவர் குழுவினரும் 1977-இல் வெளியிட்ட நூலில், வீடும் தெருவும் ஊரும் அமைப்பதில் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களுக்கு 253 தோரணிகளை வகுத்துக் காட்டினார்கள். 1987-இல் கென்ட் பெக், வார்ட் கன்னிங்காம் இருவரும் அதை நிரலாக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1994-இல் எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ப் ஜான்சன், ஜான் விலிசிடெஸ் ஆகிய நால்வர் 23 தோரணிகளைத் தொகுத்து நூலாக்கினர். மென்பொருள் எழுதுவோர் இன்றும் அதைக் கையில் வைத்திருக்கிறார்கள்.

அந்த நால்வரும் ஒரு தோரணிக்கு நான்கு உறுப்புகள் வேண்டும் என்கிறார்கள்: பெயர், சிக்கல், தீர்வு, விளைவு. பெயரை மட்டும் மனனம் செய்தவனுக்குத் தோரணி தெரியாது. எந்தச் சிக்கலுக்கு அது மருந்து, அதைப் பயன்படுத்தினால் என்ன விலை கொடுக்க வேண்டும் என்று தெரிந்தவனுக்குத்தான் தெரியும்.

நமக்கு இது புதிதா? நன்னூல் பாயிரத்தில் 32 தந்திர உத்திகள் வருகின்றன. அவற்றுள் ஒன்று மாட்டெறிந்தொழுகல். ஓரிடத்தில் சொன்ன இலக்கணத்தை, அதே இலக்கணம் பெறத்தக்க வேறோர் இடத்துக்கும் மாட்டிவிடுவது. மறுபடியும் முழுசா எழுத வேண்டியதில்லை. நிரலாளர்கள் ஒரு நிரல்பாகத்தை ஒருமுறை எழுதி, வேண்டிய இடத்தில் எல்லாம் அழைத்துக்கொள்வதும் இதே சிக்கனத்துக்காகத்தான். உடனே "நன்னூலார் அன்றே கணினியைக் கண்டார்" என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். பவணந்தியார் நூல் எழுதுவதைப் பற்றிப் பேசினார், அவ்வளவுதான். விதிகளை ஒழுங்குபடுத்தும் எவருக்கும் இந்தச் சிக்கல் வரும் என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

ஆக, அளவுகோல் இதுதான்: எழில் தமிழின் சிக்கலிலிருந்து தொடங்குகிறதா, இல்லை ஆங்கிலத் தீர்வுக்குத் தமிழ்ப் பெயர் ஒட்டுகிறதா?

எழில் வெல்லும் இடம்

ஆங்கில வழி நிரல்மொழிகளில் நிபந்தனைச் சொல் முன்னால் வரும். தமிழில் அப்படி வராது. "மழை பெய்தால் குடை எடு" என்கிறோம். நிபந்தனையின் அடையாளம் நிபந்தனைக்குப் பின்னால்தான் ஒட்டுகிறது. எழில் இதைக் கவனித்திருக்கிறது:

@( மதிப்பெண் >= 40 ) ஆனால்
  பதிப்பி "தேர்ச்சி"
இல்லை
  பதிப்பி "மறுமுயற்சி"
முடி

நிபந்தனை முன்னால், 'ஆனால்' பின்னால். சொல்லை மட்டும் மொழிபெயர்த்திருந்தால் இந்த வரிசை வந்திருக்காது. தமிழ்த் தொடரமைப்பை உள்வாங்கி எடுத்த முடிவு இது. எழிலின் மிகச் சிறந்த வடிவமைப்பு முடிவு எது என்று என்னைக் கேட்டால், தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

'ஆனால்' என்ற சொல் மாணவரைச் சற்றுத் தடுமாற வைக்கும் என்பது உண்மை. நம் வகுப்பில் அதை முரண்பாட்டைக் காட்டும் இடைச்சொல்லாகவே அதிகம் பழக்குகிறோம். ஆயினும் 'ஆகு' என்ற வினையின் நிபந்தனை எச்சமும் அதே வடிவம்தான். இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட எழில் நமக்கு ஒரு நல்ல சாக்கு என்றே எடுத்துக்கொள்ளலாம்.

எழில் சறுக்கும் இடம்

நிபந்தனையில் காட்டிய கவனம் கட்டளையில் இல்லை. மேலே உள்ள நிரலில் 'பதிப்பி "தேர்ச்சி"' என்று வினை முந்துகிறது. நாம் பேசும் தமிழில் "தேர்ச்சி என்று பதிப்பி" என்போம். மதிப்பைத் திருப்பித் தரும் 'பின்கொடு' என்ற கட்டளையும் முன்னால்தான் நிற்கிறது. செய்யுளில் வினை முந்துவது உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரே மொழிக்குள் நிபந்தனைக்கு ஒரு வரிசை, கட்டளைக்கு இன்னொரு வரிசை என்றால், கற்பவன் இரண்டையும் தனித்தனியே மனனம் செய்ய வேண்டும். நல்ல வடிவமைப்பு மனனத்தைக் குறைக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய சறுக்கல் 'வரை'. சுழற்சிக்கு எழில் இந்தச் சொல்லை வைத்திருக்கிறது:

எண் = 1
@( எண் <= 5 ) வரை
  பதிப்பி எண்
  எண் = எண் + 1
முடி

இந்த நிரல் 1 முதல் 5 வரை பதிப்பிக்கும். எண் 5-ஐத் தாண்டாமல் இருக்கும் வரை சுழல வேண்டும் என்பது கருத்து. சரி, இப்போது இந்தத் தொடரைப் பாருங்க: "மழை பெய்யும் வரை இங்கேயே இருப்போம்." மழை நிற்கும் மட்டும் ஒதுங்கி இருப்போம் என்றும் பொருள் கொள்ளலாம், மழை தொடங்கும் மட்டும் காத்திருப்போம் என்றும் கொள்ளலாம். "உயிர் இருக்கும் வரை" என்றால் நிலை நீடிக்கும் காலம். "அவன் வரும் வரை" என்றால் நிகழ்ச்சி நடக்கும் கணம். 'இரு' போன்ற நிலை வினையோடு ஒரு பொருள், 'வா' போன்ற நிகழ்ச்சி வினையோடு வேறொரு பொருள்!

அன்றாடப் பேச்சில் இது பிழையில்லை, சூழல் விளக்கிவிடும். நிரலில் அப்படி விட முடியாது, ஏனென்றால் இந்த இரண்டு பொருளும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். "எண் 5 அல்லது அதற்குக் குறைவாக ஆகும் வரை" என்று ஒரு மாணவி புரிந்துகொண்டால், எண் தொடக்கத்திலேயே 1 தானே, ஆகவே ஒரு சுற்றுகூட ஓடக் கூடாது என்றுதான் முடிவு செய்வாள். அவள் தமிழறிவு குறைவானவள் அல்ல. சொல்தான் இரட்டுற மொழிகிறது. கவிதைக்கு அது அணி, நிரலுக்கு அது பிணி. நிபந்தனை மெய்யாக இருக்கும்போது ஓடும் சுழற்சிக்கு 'உள்ளவரை' என்றும், மெய்யாகும்போது நிற்கும் சுழற்சிக்கு 'ஆகும்வரை' என்றும் வைத்திருந்தால் இந்தக் குழப்பமே வராது. இந்த இடத்தில் நிரலாளருக்குத் தேவைப்பட்டது கணினியறிவு அல்ல, பக்கத்தில் ஒரு தமிழாசிரியர்.

விகடகவியும் பெரட்டும்

எழிலோடு சேர்த்துப் பேச வேண்டியது 'ஓப்பன்-தமிழ்'. முத்தையா அண்ணாமலையும் மற்றத் தன்னார்வலர்களும் வளர்த்த பைத்தான் நிரல் தொகுப்பு இது. இதன் அருமை புரிய ஒரு சோதனை செய்யலாம்.

மாலைமாற்றுக்கு நாம் வழக்கமாகக் காட்டும் சொல் 'விகடகவி'. இதை ஒரு சாதாரண பைத்தான் நிரலிடம் கொடுத்துத் திருப்பிப் பார்க்கச் சொன்னால், "இது மாலைமாற்று அல்ல" என்று விடை வரும். ஏன்? கணினியின் நினைவில் 'வி' என்பது ஓர் எழுத்தல்ல. 'வ' ஒரு குறியெண், இகரக் கொக்கி இன்னொரு குறியெண். நமக்கு 5 எழுத்து, கணினிக்கு 7 குறியெண். திருப்பினால் கொக்கி முன்னால் வந்து அநாதையாக நிற்கும். நம் ஊர்ப் பெயரையே எண்ணிப் பாருங்க: செலண்டார் என்பது செ, ல, ண், டா, ர் என 5 எழுத்து. கணினியின் கணக்கில் 9.

இந்தச் சிக்கலுக்குப் பொருந்தும் தோரணி, நால்வர் நூலில் உள்ள 'வரிசை நடத்துநர்' வகை. தோட்டத்துப் பெரட்டை நினைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் கங்காணி பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். யார் எந்த லயத்தில், எந்த வீட்டில் இருக்கிறார் என்ற விவரம் அங்கே வேண்டியதில்லை. அடுத்த ஆள், அடுத்த ஆள் என்று வந்தால் போதும். அதுபோலச் சேமிப்பின் உள்விவரத்தை மறைத்து, "அடுத்தது என்ன?" என்ற கேள்விக்கு மட்டும் விடை தருவதே இந்தத் தோரணி. ஓப்பன்-தமிழ் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தருகிறது. நிரல் எழுதுபவர் கொக்கியையும் புள்ளியையும் பற்றிக் கவலைப்பட வேண்டாம். விகடகவி மறுபடியும் விகடகவி ஆகிறது.

இங்கே சிக்கல் தமிழுடையது, தீர்வு உலகப் பொதுவானது. அதனால்தான் எழிலைவிட ஓப்பன்-தமிழ் ஆழமான பணி என்று மதிப்பிடுகிறேன்.

புள்ளி வைப்பதா, எடுப்பதா?

இன்னொரு நுட்பமும் உண்டு. நம் இலக்கணத்தில் 'க்' என்ற மெய்யோடு அகரம் சேர்ந்து 'க' ஆகிறது. ஒருங்குறியில் தலைகீழ்: 'க'தான் அடிப்படை, அதன்மேல் புள்ளி என்ற குறியெண்ணைச் சேர்த்தால் 'க்'. ஆகவே பால் + ஆடை = பாலாடை என்று கணினி சேர்க்க வேண்டுமானால், புள்ளியை நீக்கி, 'ஆ'வுக்குப் பதில் துணைக்காலை வைக்க வேண்டும்.

முன்பக்கம் ஒரு வடிவம், பின்பக்கம் வேறு வடிவம். நடுவில் ஒன்று இரண்டையும் பொருத்த வேண்டும். இதற்குப் பெயர் 'பொருத்தி'. மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலில் இதை நாம் தினமும் பார்க்கிறோம். அஞ்சல் விசைமுறையில் 'க'கர ஒலிக்குரிய ஆங்கில விசையைத் தட்டினால் 'க்' தோன்றும். அகரத்துக்குரிய விசையைத் தட்டியதும் 'க' ஆகும். விரல் நன்னூலின்படி நடக்கிறது, நினைவகம் ஒருங்குறியின்படி நடக்கிறது.

தேர்வு மாணவர்களுக்கு

தோன்றல், திரிதல், கெடுதல் ஆகிய மூன்றையும் நிரலாக்க நினைத்துப் பாருங்கள். வாழை + பழம் = வாழைப்பழம், பொன் + குடம் = பொற்குடம், மரம் + வேர் = மரவேர். எல்லாவற்றையும் ஒரே நீண்ட நிபந்தனை ஏணியாக எழுதினால் பத்தாவது படியில் தலை சுற்றும். ஒவ்வொரு விதியையும் தனித் துண்டாக்குங்கள். ஒவ்வொரு துண்டும் இரண்டே கேள்விக்கு விடை சொன்னால் போதும்: இந்தச் சொற்களுக்கு நான் பொருந்துவேனா? பொருந்தினால் விடை என்ன? பிறகு துண்டுகளை வரிசையில் நிறுத்தி, ஒன்று மறுத்தால் அடுத்ததிடம் போகும்படி செய்யுங்கள். இதைப் 'பொறுப்புச் சங்கிலி' என்பார்கள்.

சங்கிலியில் வரிசை முக்கியம். உயிரீற்றின் முன் வல்லினம் மிகும் என்ற பொதுவிதியை முதலில் நிறுத்தினால் 'பூக்கொடி' மட்டுமே கிடைக்கும். 'பூ'வுக்குரிய சிறப்புவிதி முன்னால் நின்றால்தான் 'பூங்கொடி' பூக்கும். பொதுவிதி எது, சிறப்புவிதி எது என்று தெரியாதவனால் இந்த நிரலைச் சரியாக எழுத முடியாது. விளைவையும் சொல்லிவிடுகிறேன்: துண்டுகள் கூடினால் படிக்க வேண்டிய இடங்களும் கூடும். ஒரே ஒரு விதிக்காகச் சங்கிலி கட்டுவது, ஒரு சட்டி மண்ணுக்கு லாரி பிடிப்பது மாதிரி.

முடிவாக

எழில் ஒரு நேர்மையான தொடக்கம். நிபந்தனையில் தமிழாக நிற்கிறது; கட்டளையில் பாதி, 'வரை'யில் தடுக்கி விழுகிறது. ஓப்பன்-தமிழ் எழுத்து என்ற அடிப்படையிலேயே கைவைத்ததால் நிலைக்கும். இரண்டுக்கும் மூலநிரல் திறந்திருப்பதால், திருத்தம் சொல்லும் வாய்ப்பும் நமக்குத் திறந்தே இருக்கிறது.

அடுத்த இலக்கண வகுப்பில், சுழற்சி நிரல் ஒன்றை வெண்பலகையில் எழுதி, "இந்த 'வரை'க்கு எது பொருள்?" என்று மாணவர்களைக் கேளுங்கள். கணினி தெரிந்தவன் ஒரு விடை சொல்வான், தமிழ் தெரிந்தவள் இன்னொரு விடை சொல்வாள். இருவரும் ஏன் என்று விளக்கட்டும். ஒரு பாடவேளைக்கு அது தாராளமாகப் போதும்.