நிலக்கரி போட்ட பாதைகள்

இரண்டு நாள் மழை ஓய்ந்த காலை. மேரிலாண்ட் மாநிலத்தின் கம்பர்லேண்ட் ஊரிலிருந்து தென்கிழக்காக சைக்கிளை மிதித்தால், முன்னால் போனவரின் டயர் தடத்தில் இன்னும் தண்ணீர் நிற்கிறது. களிமண் பிரேக்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே அப்பிக்கொள்கிறது. அதே காலையில் அதே ஊரிலிருந்து வடமேற்காகப் போனால், பொடித்த சுண்ணாம்புக்கல் பாதை வெறுமனே ஈரமாக, இறுகிக் கிடக்கிறது. மட்கார்டில் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் தெறிப்பு, அவ்வளவுதான்.

முதலாவது செசபீக்–ஒஹையோ கால்வாயின் கரைப் பாதை. பொடோமாக் ஆற்றை ஒட்டியே 297 கி.மீ. ஓடி வாஷிங்டனின் ஜார்ஜ்டவுனில் முடிகிறது. இரண்டாவது கிரேட் அலெகெனி பாசேஜ். மலையைக் கடந்து காசல்மன், யாக்கியகேனி ஆறுகளின் பள்ளத்தாக்கு வழியே 240 கி.மீ. போய் பிட்ஸ்பர்க்கைத் தொடுகிறது. இரண்டையும் சேர்த்து ஒரே பயணமாக ஓட்டுகிறவர்கள் உண்டு. ஒன்றுக்குத்தான் விடுப்பு இருக்கிறது என்றால் எது என்பதே என் கேள்வி.

சேற்றைப் பராமரிப்புக் குறை என்று சொல்லிவிடுவது எளிது. பிறவிக் குணம் என்பதே பொருத்தம். 1828-இல் தொடங்கி 1850-இல் கம்பர்லேண்டை எட்டிய கால்வாய் அது. தோண்டிய மண்ணையே கரையாகப் போட்டார்கள், நீர் கசியாதபடி களிமண்ணை மிதித்து இறுக்கினார்கள். கோவேறு கழுதைகள் படகை இழுத்து நடந்த அந்தக் கரைதான் இன்றைய சைக்கிள் பாதை. தண்ணீரைப் பிடித்துவைப்பதற்கென்றே கட்டிய மண், மழை பெய்தால் வேறு என்ன செய்யும்? சமீப ஆண்டுகளில் சில பகுதிகளில் கல்பொடி பரப்பி மேடு தட்டியிருக்கிறார்கள். அங்கே ஓட்டம் சுகம்தான். ஆனால் அந்தச் சுகம் பாதை நெடுகக் கிடைப்பதில்லை.

அலெகெனி பாதையின் பூர்வீகம் ரயில். மலைப் பகுதியில் அது வெஸ்டர்ன் மேரிலாண்ட் ரயில்வே 1912-இல் திறந்த தடம், 1975-இல் கைவிடப்பட்டது. ரயில்காரனுக்குத் தண்ணீர் எதிரி. மேடு கட்டி, ஜல்லி கொட்டி, பக்கவாட்டில் வடிகால் வைத்தால்தான் பாரவண்டி நிற்கும். அந்த மேட்டின் மேல்தான் சுண்ணாம்புக்கல் பொடி பரப்பி, ஒஹையோபைல் பக்கத்தில் 1986-இல் முதல் துண்டைத் திறந்தார்கள். பிட்ஸ்பர்க் வரை முழுமையானது 2013-இல். உள்ளூர்க் குழுக்களும் தன்னார்வலர்களும் துண்டுதுண்டாகச் சேர்த்த பாதை, ஒரே கை போட்டதுபோல் ஓடுகிறது. தரை விஷயத்தில் போட்டியே இல்லை.

ஏற்றத்தில் கணக்கு சற்று மாறுகிறது. கால்வாயில் ஏற்றம் படிப்படியாக வரும். படகை ஏற்றி இறக்க 74 மதகுத் தொட்டிகள், எல்லாம் சேர்த்து 184 மீட்டர் உயரம். தொட்டி வரும் இடத்தில் இரண்டரை மீட்டர் அளவுக்கு ஒரு சின்ன மேடு, பிறகு பல கி.மீ. சமதளம். அலெகெனி பாதையில் கம்பர்லேண்டிலிருந்து நீர்ப்பிரிமேடு வரை 38 கி.மீ. தொடர் ஏற்றம். உச்சி 729 மீட்டர். நூறு மீட்டருக்கு ஒன்றரை மீட்டர்கூட ஏறவில்லை என்றாலும் ஓய்வே தராத ஏற்றம். பாரம் ஏற்றிய சைக்கிளில் தொடை பேசத் தொடங்கிவிடும். மறுபக்கம் பிட்ஸ்பர்க் வரையிலான 200 கி.மீ.-க்கு மேற்பட்ட தூரத்தில் 500 மீட்டர் அளவே இறக்கம். கண்ணுக்கே தெரியாது.

கரடுமுரடான கிராவல் ஓட்டத்துக்குப் பழகியவர்களின் முறையீடு இங்கே எழுகிறது: வளைவும் சரிவும் சவாலும் இல்லாத இதையெல்லாம் கப்பிப் பாதை என்று சொல்லலாமா? பாதி நியாயம் இருக்கிறது. 40 மி.மீ. டயர் அலெகெனி பாதைக்குத் தேவைக்கு மேல். ஆனால் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பாதை போடுவதன் பயன் ஓட்டுகிறவரின் திறமையைச் சோதிப்பது அல்ல, அவர் தலையை நிமிர்த்துவது. சேற்றில் ஓட்டுகிறவருக்கு முன்சக்கரத்துக்கு அப்பால் உலகம் இல்லை.

நிமிர்ந்த தலைக்கு என்ன கிடைக்கிறது? இங்கே கால்வாய்ப் பாதை பலமாகத் திருப்பி அடிக்கிறது. பொடோமாக் பல இடங்களில் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. 1924 வெள்ளத்தோடு படகு நின்றுபோனதால், வறண்ட கால்வாய்ப் பள்ளத்துக்குள்ளேயே சிக்கமோர் மரங்கள் முளைத்து நூற்றாண்டை நெருங்கிவிட்டன. பா பா சுரங்கம் 950 மீட்டர். செங்கல் வளைவு, பக்கத்தில் கறுத்த நீர், இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டிய குறுகிய நடைபாதை. இதையெல்லாம் தார்ச்சாலை விழுங்கியிருக்கும். 1954-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ், கால்வாய் வழியே சாலை போடும் திட்டத்தை ஆதரித்த வாஷிங்டன் போஸ்ட் ஆசிரியர்களை அழைத்துக்கொண்டு இந்தக் கரையில் நடந்தார். முழுத் தூரத்தையும் முடித்தவர்கள் அவரோடு சேர்த்து ஒன்பது பேர். 1971-இல் இது தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனது. சில கி.மீ.-க்கு ஒருமுறை அடிபம்புடன் இலவசக் கூடார இடம் கிடைப்பது அந்த நடையின் பலன். அலெகெனி பாதையில் இதற்கு ஈடு இல்லை.

அலெகெனி பாதையின் பெரிய குறை கோடையில் தெரியும். இரு புறமும் மரம் கூடி, ஆறு சத்தமாக மட்டுமே இருக்கிறது. தரையும் மாறாது, பச்சையும் மாறாது. மணிக்கணக்கில் அலுப்பு தட்டும். ஆனால் அது திறந்துகொள்ளும் இடங்கள் அசாத்தியமானவை. பிக் சாவேஜ் சுரங்கத்தின் ஒரு கி.மீ. குளிரிலிருந்து கிழக்கு வாயில் வழியே வெளியே வந்ததும் மலை மடிப்புகள் அடுக்கடுக்காக விரிகின்றன. சாலிஸ்பரி மேம்பாலம் 582 மீட்டர் நீளத்துக்கு காசல்மன் ஆற்றின் மேலே தூக்கிக் காட்டுகிறது. ஒஹையோபைலில் ஆறு கொண்டை ஊசியாக வளைகிற இடத்தில் பாதை அதை இரண்டு முறை தாண்டுகிறது.

இந்த அழகு தீர்ந்ததும், அதாவது கம்பர்லேண்டிலிருந்து சுமார் 142 கி.மீ.-இல் கனல்ஸ்வில் வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம் என்ற யோசனை இயல்பாக எழும். எனக்கு உடன்பாடில்லை. அதற்குக் கீழேதான் பள்ளத்தாக்கு தன் கணக்கைக் காட்டுகிறது. பாதையோரப் பாறையில் செம்பழுப்பாக நீர் வழிந்து துருப் படிந்திருக்கும். கைவிட்ட நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டு அமிலமாகி, இரும்பைக் கரைத்துக்கொண்டு வெளியேறும் நீர் அது. வான் மீட்டர் அருகே 1907 டிசம்பர் 19 அன்று டார் சுரங்க வெடிப்பில் 239 பேர் இறந்ததைச் சொல்லும் பலகை நிற்கிறது. அங்கே நிற்கும்போது மேலே அனுபவித்த மென்மையான இறக்கம் எதற்காக அளந்தது என்பது விளங்குகிறது. கரி ஏற்றிய வண்டிக்காக. கால்வாயின் படகுகளும் கம்பர்லேண்ட் கரியைத்தான் சுமந்தன. ஒரே சரக்குக்காகப் போட்ட இரண்டு பாதைகளில், அந்தச் சரக்கின் விலையை ஓட்டுகிறவருக்குச் சொல்லிவிடுவது அலெகெனி பாதைதான்.

எனவே என் தீர்ப்பு அலெகெனி பாதைக்கு. கூடாரமும் நிதானமும் ஆற்றங்கரை இரவுகளும் முக்கியம் என்பவர்கள் தொடர்ந்து உலர்ந்த வாரம் பார்த்துக் கால்வாய்க்குப் போகட்டும், ஏமாற மாட்டார்கள். மற்றவர்களுக்கு: கம்பர்லேண்டில் ஏறுங்கள், கடினத்தை முதல் நாளே முடித்துவிடலாம், பிட்ஸ்பர்க் வரை விடாமல் போங்கள். காலம் நவம்பர் முதல் வாரம். குளிர்காலத்துக்காக பிக் சாவேஜ் சுரங்கத்தை மூட இன்னும் நாள் இருக்கும். இலை உதிர்ந்திருக்கும். கோடை முழுக்கச் சத்தமாக மட்டுமே இருந்த ஆறு, அப்போது கண்ணுக்குத் தெரியும்.