கெட்டிலில் இருந்து விழுந்த நீர்

ராணுவக் கத்தி என்று பேச்செடுத்தால் நண்பர்கள் எஃகின் பெயரில்தான் தொடங்குவார்கள். எஸ்30வி, மேக்னாகட், 1095. அடுத்த கேள்வி கடினத்தைச் சொல்லும் ராக்வெல் எண்: 58ஆ, 60ஆ? காய்ச்சிய அலகைக் குளிரவைத்துத் தோய்ச்சல் போட்ட கையைப் பற்றிக் கடைசியில்தான் யாராவது கேட்பார்கள். எனக்கோ அதுதான் முதலில் தெரியவேண்டும்.

கிழக்கு நேபாளத்தில், கூர்க்காப் படை முகாம் இருந்த தரானில், ஒரு குக்ரிப் பட்டறையில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். எஃகு, பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டை. 5160 ரகத்தைச் சேர்ந்தது. கார்பன் ஏறத்தாழ 0.6 சதவீதம். அதை எண்ணெயில் தோய்க்கச் சொல்கின்றன புத்தகங்கள். தண்ணீர் என்றால் விரிசல் விடுமாம். அந்தக் கொல்லர் தண்ணீரைத்தான் எடுத்தார். ஆனால் அலகை அதில் முக்கவில்லை.

உலை இருந்தது இருட்டு மூலையில். வெளிச்சத்தில் இரும்பின் நிறம் கண்ணை ஏமாற்றும். அலகு கோவைப்பழச் சிவப்புக்கு வந்ததும் வெளியே இழுத்து, நசுங்கிய அலுமினிய டீ கெட்டிலைக் கையில் எடுத்தார். நூல் போல ஒரு தாரை, வாய் நெடுக ஓடித் திரும்பியது. வெட்டு விழும் வயிற்றுப் பகுதியில் கூடுதலாக நின்றது. பிடியை நெருங்க நெருங்க விரைந்தது. முதுகில் ஒரு சொட்டுப் படவில்லை. பிறகு அரத்தால் ஓரிடத்தைத் தேய்த்துப் பளிச்சென்றாக்கி, பார்த்துக்கொண்டே இருந்தார். முதுகில் தங்கிய சூடு கீழே ஊர்ந்து வந்து அங்கே வைக்கோல் நிறம் காட்டியது. அது நீலமாகுமுன் மறுபடி தண்ணீர். கடினமும் பதமும் ஒரே சூட்டில் முடிந்தன.

இந்தக் கத்திக்கு எந்த ராக்வெல் எண்ணைச் சொல்வது? வயிற்றில் அரம் வழுக்குகிறது. முதுகில் அதே அரம் கடிக்கிறது.

1942இல் அமெரிக்க மரைன்கள் ஏற்றுக்கொண்ட கே-பார் கத்தி மீது எனக்கு மரியாதை உண்டு. 2001இல் வந்த எஸ்30வியும் நல்ல எஃகுதான்: 14 சதவீதம் குரோமியம், 4 சதவீதம் வனேடியம், துரு எளிதில் அண்டாது, கூர் நெடுநாள் நிற்கும். ஆனால் மழுங்கிவிட்டால்? வனேடியம் கார்பைடு சாதாரணச் சாணைக்கல்லைவிடக் கடினமானது, வைரத்தகடு தேடவேண்டும். குக்ரியின் உறையிலேயே சக்மக் என்ற சிறு தீட்டுக்கத்தி செருகியிருக்கிறது. மடங்கிய வாயை அதில் நாலு இழுப்பு இழுத்தால் நிமிர்ந்துவிடும். மரம் வெட்டும் கத்தியில் வாய் மடங்கலாம், பல் போகக்கூடாது.

இப்போது வருத்தம் தருவது பளபளப்பு. சுற்றுலாக் கடையொன்றில் முகம் தெரியும்படி மெருகேற்றிய குக்ரி ஒன்று வாங்கினேன். வயிற்றிலேயே அரம் கடித்தது. தோய்ச்சல் முடிந்த பிறகு மோட்டார் சக்கரத்தில் வைத்து அழுத்தியிருக்கிறார்கள். மெல்லிய வாய் அந்தச் சூட்டைத் தாங்காது. நீலம் பாய்ந்து பதம் இறங்கிவிடும். நீலத்தையும் மெருகு மறைத்துவிடுவதால் வாங்குகிறவருக்குத் தெரிவதில்லை.

தரான் கத்தியைக் கொல்லர் கையால்தான் தேய்த்துக் கொடுத்தார். தண்ணீர் ஓடிய தடம் வாய்க்குக் கொஞ்சம் மேலே மங்கலான அலைக்கோடாக இன்னும் இருக்கிறது. எண்ணெய் பூசும் நாட்களில் விளக்கருகே சாய்த்துப் பார்ப்பேன். வயிற்றுப் பக்கம் அந்தக் கோடு சற்றே மேலேறி இறங்குகிறது.